எல்லாத் தீர்மானமும் ஏகமனதாகவே நிறைவேறுகிறது: நிர்வாகக் குழுவை அலசிப் பேச வைப்பது எப்படி?

கேள்வி | செயலர்மேசை

வணக்கம். லாப நோக்கமில்லாத கல்வி அமைப்பு ஒன்றின் நிர்வாகக் குழுவுக்குச் செயலாளராக இருக்கிறேன். உறுப்பினர்கள் 11 பேர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் கூடுகிறோம். எல்லோரும் சம்பளம் வாங்காமல் அக்கறையோடு வருகிறவர்கள்தான். ஆனால் கூட்டத்தில் எதுவும் அலசப்படுவதில்லை.

அஜெண்டாவில் 14 பொருள் இருக்கும். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு 120 பக்கம் மின்னஞ்சலில் போகும். துணைக்குழு அறிக்கைகளை வாசிப்பதிலேயே முதல் 50 நிமிடம் போய்விடும். பிறகு செயல் இயக்குநர் ஒரு திட்டத்தை விளக்குவார். தலைவர், "நல்ல யோசனை, யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்பார். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், முடிந்தது. மூன்று வருடச் செலவுக்கு எங்களைக் கட்டிப்போடும் புதுப் பயிற்சி மையத் திட்டம் போன கூட்டத்தில் 8 நிமிடம் பேசப்பட்டது. ஆண்டறிக்கையின் அட்டைப்படத்துக்கு 25 நிமிடம் ஆனது. சந்தேகங்கள் எல்லாம் கூட்டம் கலைந்த பிறகு வண்டி நிறுத்துமிடத்திலும் போனிலும்தான் வருகின்றன. மையத்துக்கான ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி எடுக்கலாம் என்று தலைவர் சம்மதித்திருக்கிறார்.

கேட்க வேண்டியவை: அஜெண்டாவையும் தாள்களையும் எப்படி மாற்றுவது? எதிர்வாதம் செய்யவென்றே ஒருவரை நியமித்தால் பலன் உண்டா? பொருளாளர் ஒருவருக்கு மட்டுமே கணக்கு புரிகிற நிலையை எப்படிச் சரிசெய்வது?


பதில் 1 | தராசுமுள்

உங்கள் உறுப்பினர்களுக்கு யோசிக்கத் தெரியாமல் இல்லை. யோசித்ததைத்தானே வண்டி நிறுத்துமிடத்தில் பேசுகிறார்கள்? கூட்டம் அமைந்திருக்கிற விதம்தான் அந்தப் பேச்சை வெளியே தள்ளுகிறது. 120 பக்கத்தை இரண்டு நாளில் யாரும் படித்து முடிக்க முடியாது. படிக்காதவர் வாயைத் திறக்கத் தயங்குவார், "அது 74ஆம் பக்கத்திலேயே இருக்கிறதே" என்று பதில் வந்துவிடுமோ என்று. அட்டைப்படத்தைப் பற்றிப் பேச எதையும் படித்திருக்க வேண்டியதில்லை. 25 நிமிடம் அங்கே போனதற்குக் காரணம் அதுதான். ஆகவே "எல்லோரும் கேள்வி கேளுங்கள்" என்று வேண்டுகோள் விடுப்பதால் ஒன்றும் நடக்காது. தாளையும் வரிசையையும் மாற்றினால் நடக்கும்.

அஜெண்டா: தகவலுக்காக மட்டும் வரும் அறிக்கைகள், போன கூட்டத்தின் மினிட்ஸ், வழக்கமான புதுப்பிப்புகள் எல்லாவற்றையும் ஒரே கட்டாக்கி, ஒரே தீர்மானத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். வாசிக்கவே கூடாது. எந்த உறுப்பினரும் காரணம் சொல்லாமலேயே அந்தக் கட்டிலிருந்து ஒரு பொருளை உருவி விவாதத்துக்கு வைக்கலாம் என்று விதியில் எழுதிவிடுங்கள். கட்டுக்குள் போகவே கூடாதவை சில உண்டு: தணிக்கை அறிக்கை, பட்ஜெட்டிலிருந்து விலகிய செலவு, உறுப்பினருக்கோ அவர் உறவினருக்கோ தொடர்புள்ள ஒப்பந்தம், செயல் இயக்குநரின் சம்பளம். இந்த வசதி வந்த பிறகு சங்கடமான விஷயங்களைக் கட்டுக்குள் நுழைத்துவிடும் பழக்கம் மெதுவாக வரும். அதைத் தடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர் செயலாளர்தான்.

120 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். தொடக்கமும் நலன் முரண் (ஒரு பொருளில் உறுப்பினருக்கோ உறவினருக்கோ உள்ள சொந்தத் தொடர்பு) அறிவிப்பும் 5, அந்தக் கட்டுக்கு ஒட்டுமொத்த ஒப்புதல் 5, முக்கியமான ஒரு முடிவு 45, இரண்டாவது முடிவு 25, நிதி 15, செயல் இயக்குநரின் நடப்பு நிலவரம் 10, ஊழியர் இல்லாத உள்கூட்டம் 15. முக்கியமானது எப்போதும் முன்பாதியில் வர வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழிந்த பிறகு வைக்கப்படும் எதுவும் களைப்பில் நிறைவேறிவிடும்.

தாள்: ஏழு நாள் முன்னதாக, மொத்தம் 25 பக்கத்துக்குள். முடிவு கேட்கும் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னும் பின்னுமாக ஒரே ஒரு தாள். முதல் வரியிலேயே நிறைவேற்றக் கோரும் தீர்மானத்தின் வாசகம் இருக்கட்டும். அடுத்து, இதை ஏன் இப்போது முடிவு செய்ய வேண்டும், ஆறு மாதம் தள்ளினால் என்ன ஆகும். பிறகு, பரிசீலித்துக் கைவிட்ட இரண்டு மாற்று வழிகளும் கைவிட்ட காரணமும். பிறகு மொத்தக் காலத்துக்குமான செலவு, வெளியேற நேர்ந்தால் ஆகும் செலவோடு சேர்த்து. கடைசியாக, இந்தத் திட்டம் எந்த மூன்று அனுமானங்கள் மேல் நிற்கிறது என்பது.

அந்தக் கடைசிப் பகுதியில்தான் அலசல் தொடங்கும். உங்கள் பயிற்சி மையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "ஆண்டுக்கு 300 பேர் சேர்வார்கள்" என்று தாளில் ஒரு வரி இருப்பதாக வைப்போம். 300 என்ற எண் எங்கிருந்து வந்தது? இப்போதுள்ள மையத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை, முடித்தவர்கள் எத்தனை? எத்தனை பேருக்குக் கீழே போனால் மையம் பொது நிதியைத் தின்னத் தொடங்கும்? அந்த நிலை வந்தது என்று குழுவுக்கு எந்த மாதத்தில் தெரியவரும்? அப்போது வாடகை ஒப்பந்தத்திலிருந்து எத்தனை மாத நோட்டீஸில் வெளியே வர முடியும்? இந்த ஐந்து கேள்விக்கும் கல்வித் துறை நிபுணராக இருக்கத் தேவையில்லை. தாளில் அனுமானம் தனியாக எழுதப்பட்டிருந்தால் யாரும் கேட்டுவிடுவார்கள். பத்தி நடுவே புதைந்திருந்தால் யார் கண்ணிலும் படாது.

பேசும் வரிசை: தலைவர் "நல்ல யோசனை" என்று சொன்ன நிமிடமே விவாதம் முடிந்துவிடுகிறது. அவர் கடைசியில் பேச வேண்டும். விளக்கம் முடிந்ததும் மூன்று நிமிடம் அமைதி. ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் ஒரு கவலையும் ஒரு கேள்வியும் எழுதட்டும். பிறகு குழுவுக்குப் புதிதாக வந்தவரிலிருந்து தொடங்கி ஆளுக்கு இரண்டு நிமிடம். 11 பேருக்கு 22 நிமிடம். பழைய யூத நீதிமன்ற மரபில் உயிர்த் தண்டனை வழக்குகளில் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். மூத்தவர் சொன்ன பிறகு மறுத்துப் பேச இளையவருக்கு நா எழாது என்பது அப்போதே தெரிந்திருந்தது.

எழுத வைப்பதற்கும் காரணம் உண்டு. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட சோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய கேள்விக்கு, சுற்றியிருந்த, சோதனையாளரே ஏற்பாடு செய்த ஆட்கள் வேண்டுமென்றே தவறான விடை சொன்னபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் அந்தத் தவறோடு ஒத்துப்போயின. சரியான விடை சொல்லும் துணை ஒருவர் இருந்தாலே போதும், ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. விடையைத் தனியாக எழுதச் சொன்னபோதும் குறைந்தது.

"ஆட்சேபம் உண்டா?" என்ற வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் சொல்கிறவர் எதிரியாகத் தெரிவார். "இதில் உங்களுக்கு எது போதாமல் படுகிறது?" என்று கேட்டால் எல்லோருக்குமே சொல்ல ஏதாவது இருக்கும்.

இன்னொன்று: பெரிய முடிவுகளை ஒரு கூட்டத்தில் விவாதியுங்கள், அடுத்த கூட்டத்தில் முடிவெடுங்கள். ஒரே அமர்வில் இரண்டையும் செய்யாதீர்கள்.


பதில் 2 | ஐந்தொகை

கணக்கு விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். பொருளாளர் ஒருவருக்குத்தான் புரிகிறது என்றால் பெரும்பாலும் குறை உறுப்பினர்களிடம் இல்லை, அறிக்கை அச்சிடப்படும் விதத்தில் இருக்கிறது. கணக்கு மென்பொருள் கொடுக்கும் எட்டுப் பக்க அட்டவணையை அப்படியே அனுப்புகிறார்கள். குழுவுக்கு வேண்டியது ஒரு பக்கம்.

அந்தப் பக்கத்தில் முதலில் மூன்று நிரல்: பட்ஜெட், இதுவரையான உண்மைச் செலவு, ஆண்டு முடிவில் எங்கே நிற்கும் என்ற மதிப்பீடு. மூன்றாவது நிரல் இல்லாத அறிக்கை நடந்து முடிந்ததை மட்டும் சொல்லும். அதை வைத்து எதையும் திருத்த முடியாது. 10 சதவீதத்துக்கு மேல் விலகிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாக்கியத்தில் காரணம். அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது நேர வித்தியாசமா, நிரந்தர வித்தியாசமா? போன மாதம் கட்ட வேண்டிய கட்டணம் அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருந்தால் நேர வித்தியாசம், கவலை வேண்டாம். செலவு குறைந்திருப்பதை நல்ல செய்தி என்று உடனே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சம்பளத்துக்கான செலவு 20 சதவீதம் குறைவாக இருந்தால் ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று அர்த்தம். வேலை நடக்கவில்லை.

அடுத்து கையிருப்பு. இங்கேதான் நல்ல குழுக்களும் ஏமாறுகின்றன. ஒரு எளிய கணக்கு: ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) மொத்த நிதி 90 என்று இருக்கிறது. பொது நிதியிலிருந்து மாதாமாதம் போகும் செலவு 8. பார்த்தவுடன் பதினொரு மாதத்துக்குப் போதும் போலத் தோன்றும். இப்போது பிரித்துப் பாருங்கள். கட்டடமும் தளவாடமும் 40. அதைக் கொண்டு சம்பளம் கொடுக்க முடியாது. இன்ன வேலைக்கு மட்டும் என்று நிபந்தனையோடு நன்கொடையாளர் கொடுத்தது 38. அதை வேறு எதற்கும் தொடக்கூடாது. மிச்சம் 12. ஒன்றரை மாதம். 90க்கும் 12க்கும் இடையிலான இந்த இறக்கத்தை மூன்றே வரியில் ஒவ்வொரு கூட்டத்திலும் அச்சிட்டு வைத்தால் யாரும் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

எத்தனை மாதக் கையிருப்பு வேண்டும்? பலரும் மூன்று முதல் ஆறு மாதம் என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வருமானத்தில் பாதி ஒரே நன்கொடையாளரிடமிருந்து வந்தால் மூன்று மாதம் போதாது. நீண்ட கால ஒப்பந்தத்தில் நிலையாக வருகிறதென்றால் ஆறு மாதம் தேவையில்லாமல் இருக்கலாம். குழு தன் அளவைக் காரணத்தோடு ஒரு முறை எழுதி வைத்து, ஆண்டுதோறும் திரும்பப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அடுத்த 12 மாதப் பணவரத்து மதிப்பீடு, மாதவாரியாக. ஆண்டு முடிவில் உபரி காட்டும் அமைப்புகூட நடுவில் ஒரு மாதம் சம்பளம் கொடுக்க முடியாமல் போகலாம். முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு கணக்குக் காட்டி வாங்கும் நிதி இருந்தால் இது கிட்டத்தட்ட நிச்சயம். மிகக் குறைந்த இருப்பு எந்த மாதத்தில் வருகிறது, எவ்வளவு என்று வட்டம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு எண்ணைப் பார்த்தாலே கேள்விகள் வரும்.

பிரிட்டனில் கிட்ஸ் கம்பெனி என்ற குழந்தைகள் நல அமைப்பு 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். வருமானம் வளர்ந்துகொண்டே போனாலும் கையிருப்பு எப்போதும் மெலிந்தே இருந்தது. தணிக்கையாளர்களும் அதைத் தொடர்ந்து சொல்லிவந்தார்கள். 2016இல் நாடாளுமன்றக் குழு அறங்காவலர்களைக் கடுமையாக விமர்சித்தது. 2021இல் உயர் நீதிமன்றம், அவர்களை இயக்குநர் பதவி வகிக்கத் தகுதியற்றவர்களாக அறிவிக்கக் கோரிய வழக்கைத் தள்ளுபடி செய்து, அவர்களின் நேர்மையையும் உழைப்பையும் குறிப்பிட்டுச் சொன்னது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். நேர்மையும் உழைப்பும் நிறைந்த குழுவாக இருந்தாலும், கையிருப்பு இல்லாத அமைப்புக்கு எதிர்பார்த்த வருமானம் ஒரு முறை தவறினாலே போதும்.

ஆடிட்டரை ஆண்டுக்கு ஒரு முறை, செயல் இயக்குநரும் கணக்கு ஊழியர்களும் இல்லாமல், 20 நிமிடம் குழு சந்திக்க வேண்டும். மூன்று கேள்வி போதும். எந்தெந்தப் பதிவுகளைத் திருத்த வேண்டியிருந்தது? எந்த இடத்தில் ஆவணம் இல்லாமல் நிர்வாகத்தின் வாய்ச்சொல்லை ஏற்றீர்கள்? போன ஆண்டு சொன்ன குறைகளில் எவை இன்னும் அப்படியே இருக்கின்றன? மூன்றாவதற்கு வரும் பதில்தான் உங்கள் குழு எவ்வளவு தூரம் பின்தொடர்கிறது என்பதையும் காட்டும்.


பதில் 3 | மாற்றுக்குரல்

தராசுமுள் சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். எல்லாப் பெரிய முடிவுக்கும் இரண்டு கூட்டம் என்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடும் குழுவுக்குச் சரிவராது. நன்கொடை விண்ணப்பத்துக்கு நான்கு வாரம்தான் கெடு இருக்கும். அப்போது அவசரம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் "சம்மதம், சம்மதம்" என்று தட்டி முடிப்பார்கள். எட்டு நிமிடக் கூட்டத்தைவிட அது மோசம். அதனால் குழு முன்கூட்டியே எல்லை வரைந்துவிட வேண்டும். திட்டம் அமைப்பின் நோக்கத்துக்குள் இருக்க வேண்டும், நிர்வாகச் செலவும் அந்த நிதிக்குள் அடங்க வேண்டும், ஆண்டு பட்ஜெட்டில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 12 மாதத்துக்கு மேல் பொறுப்பு தொடரக் கூடாது. இந்த நான்கும் பொருந்தினால் செயல் இயக்குநரே விண்ணப்பிக்கலாம், அடுத்த கூட்டத்தில் தெரிவித்தால் போதும். ஒன்று தவறினாலும் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும். இரண்டு கூட்ட விதியை இந்த எல்லைக்கு வெளியே உள்ளவற்றுக்கு வையுங்கள்.

இனி எதிர்வாதத்துக்கென்று ஒருவரை நியமிப்பது. கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் பட்ட விசாரணைக்கு இப்படி ஒரு பதவி நூற்றாண்டுகளாக இருந்தது; 1983இல் அதன் வேலை பெரிதும் குறைக்கப்பட்டது. அங்கே அது முழுநேர வேலை. ஆவணங்களைத் தோண்டி எடுத்துக் கேள்வி எழுப்பினார்கள். நம் கூட்டங்களில், "இன்றைக்கு நீங்கள் எதிர்த்துப் பேசுங்கள்" என்று ஒருவரிடம் சொன்னால் அவர் கடமைக்கு இரண்டு கேள்வி கேட்பார். மற்றவர்களும் அது நடிப்பு என்று தெரிந்தே கேட்டுக்கொள்வார்கள். முடிவில், "எதிர்க்கருத்தையும் கேட்டாயிற்று" என்ற திருப்தியோடு பழைய முடிவே இன்னும் இறுகிவிடும். பாத்திரமேற்று எதிர்ப்பவரைவிட உண்மையாகவே மாறுபடுகிறவர் இருக்கும் குழுக்களில்தான் புதிய யோசனைகள் கூடுதலாகப் பிறந்தன என்று உளவியலாளர் சார்லன் நெமத்தும் சக ஆய்வாளர்களும் 2001இல் காட்டினார்கள்.

அதைவிட நன்றாக வேலை செய்வது தோல்வியை முன்கூட்டியே எழுதிப் பார்ப்பது. உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் இந்த முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். முடிவெடுப்பதற்குச் சற்று முன்பு தலைவர் இப்படிச் சொல்ல வேண்டும்: "இன்றிலிருந்து 18 மாதம் கழிந்துவிட்டது. பயிற்சி மையம் மூடப்பட்டுவிட்டது. ஏன் என்று எழுதுங்கள்." ஐந்து நிமிடம் எல்லோரும் தனித்தனியாக எழுத வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு காரணம் வீதம், எல்லாம் தீரும்வரை சுற்று. செயலாளர் பலகையில் எழுதுவார். யாரும் மறுக்கவோ பதில் சொல்லவோ கூடாது. பத்து நிமிடம் ஆகும். கடைசி ஐந்து நிமிடத்தில் மிக அபாயமான மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் திட்டத்தில் என்ன மாற்றம் என்று முடிவு செய்ய வேண்டும். மொத்தம் 20 நிமிடம்.

"இது தோற்கலாம், ஏன்?" என்று கேட்டால் அவநம்பிக்கை போல இருக்கும். "தோற்றுவிட்டது, ஏன்?" என்று கேட்டால் காரணம் கண்டுபிடிப்பது திறமையாகிவிடும். திட்டத்தை ஆதரிப்பவரும் எழுதுவார். அதனால் வாசகத்தை மாற்றாதீர்கள். பெரும்பாலும் கெட்டுப்போகும் இடம் அதுதான்: தலைவர் மென்மையாக இருக்கட்டும் என்று "என்னென்ன சவால்கள் வரலாம்?" என்று கேட்பார், எல்லோரும் "நிதி, ஆட்கள், ஒருங்கிணைப்பு" என்று பொதுவாக எழுதி வைப்பார்கள்.

அந்த மூன்று அபாயங்களிலிருந்து ஒரு நிபந்தனையாவது தீர்மானத்துக்குள் போக வேண்டும். "ஆறாம் மாத முடிவில் தொடர் வருகை 60 பேருக்குக் கீழே இருந்தால் இந்தத் திட்டம் தானாகவே அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாகும்" என்பது போல. யாரும் துணிந்து கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் கேள்வி திரும்ப வரும்.

இன்னொரு பழக்கத்தையும் குழு சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம்: நிகழ்ச்சி அறிக்கையில் ஒரு வாக்கியத்தை எடுத்துப் பிரிப்பது. "இந்த ஆண்டு 1,200 மாணவர்கள் பயனடைந்தனர்." 1,200 தனித்தனி ஆட்களா, வருகைகளா? ஒரே மாணவர் மூன்று பட்டறைக்கு வந்திருந்தால் மூன்றாக எண்ணப்பட்டாரா? "பயனடைந்தனர்" என்றால் வந்தார்களா, முடித்தார்களா, ஏதாவது மாறியதா? மாறியது என்றால் யாரைவிட, எப்போதைவிட? பாதியில் நின்றவர்கள் எத்தனை, அவர்களிடம் யாராவது காரணம் கேட்டார்களா? என்னைக் கேட்டால் கடைசிக் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். முடித்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்கும் அமைப்புக்கு எப்போதும் நல்ல மதிப்பெண்தான் கிடைக்கும்.


செயலர்மேசை

மூவருக்கும் நன்றி. இரண்டு சிக்கல் பாக்கி. தலைவர்தான் அமைப்பைத் தொடங்கியவர். 14 வருடமாகத் தலைவர். அவர் முகம் பார்த்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவது, செயல் இயக்குநர் நன்றாக வேலை செய்கிறவர். திடீரென்று இத்தனை கேள்வி வந்தால் தன்மேல் சந்தேகம் என்று நினைப்பார். உள்கூட்டம் என்றாலே மனம் நொந்துவிடும்.


பதில் 4 | தராசுமுள்

இரண்டாவதை முதலில் எடுக்கிறேன், அது எளிது. உள்கூட்டம் பிரச்சினை வரும்போது மட்டும் நடந்தால்தான் பயமுறுத்தும். ஒவ்வொரு கூட்டத்திலும், பேச ஒன்றுமில்லாவிட்டாலும் ஐந்து நிமிடமாவது நடக்கட்டும். மூன்று கூட்டம் தாண்டினால் பழகிவிடும். தலைவர் 24 மணி நேரத்துக்குள் அதன் சாரத்தைச் செயல் இயக்குநரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். யார் என்ன சொன்னார் என்பதைச் சொல்லத் தேவையில்லை, குழு என்ன நினைக்கிறது என்பதை மட்டும். இது ஒரு முறை தவறினாலும் நம்பிக்கை போய்விடும்.

உறுப்பினர்கள் விவரக் கேள்விகளைக் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே பொதுவான ஒரு கோப்பில் எழுதட்டும். செயல் இயக்குநர் அங்கேயே பதில் எழுதிவிடுவார். எண் கேட்பது, விளக்கம் கேட்பது எல்லாம் அதில் தீர்ந்துவிடும். கூட்டத்தில் திடீரென்று கேட்டு அவரைத் திணற வைப்பதால் யாருக்கும் நன்மையில்லை. அதோடு குழு ஒரு கட்டுப்பாட்டை ஏற்க வேண்டும்: எதற்கு, எவ்வளவு, எந்த அபாயத்துக்கு உட்பட்டு என்பது குழுவின் கேள்வி, எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்கு, எந்த அச்சகம் என்பது அவர் வேலை. அட்டைப்படத்தை அவர் கையில் விட்டுவிட்டு மூன்று வருடச் செலவைப் பற்றிக் கேட்டால் அவருக்கே அது மரியாதையாகப் படும்.

நிறுவனர் தலைவராக இருப்பது நாளாகித்தான் தீரும். பதவிக்காலம் மூன்று வருடம், தொடர்ந்து இரண்டு முறை மட்டும் என்று அமைப்பு விதியைத் திருத்தலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறாதபடி 11 பேரை 4, 4, 3 என்று பிரித்து ஆண்டுதோறும் ஒரு பிரிவின் காலம் முடியும்படி வையுங்கள். தலைவர் பதவியை விட்டாலும் அவர் அறிவு வீணாகாமல் ஆலோசகர் இடம் ஒன்று கொடுக்கலாம். வாக்கு இல்லாமல், அழைத்தால் மட்டும் கூட்டத்துக்கு வருகிறவராக. இதையெல்லாம் அவரே முன்மொழிந்தால்தான் நல்லபடி நடக்கும். மூத்த உறுப்பினர்கள் இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து அவரிடம் பேச வேண்டிய விஷயம் இது. அஜெண்டாவில் போட்டுத் தாக்க வேண்டியது அல்ல.

அதுவரை ஒரு சிறு ஏற்பாடு. பெரிய முடிவின் முதல் 25 நிமிடத்தைத் துணைத்தலைவர் நடத்தட்டும். தலைவர் அறைக்கு வெளியே இருக்கட்டும். 1962 க்யூபா ஏவுகணை நெருக்கடியின்போது அமெரிக்க அதிபர் கென்னடி தன் ஆலோசகர்களின் சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே போகாமல் இருந்தார், அவர்கள் தாராளமாகப் பேசட்டும் என்று. முந்தைய வருடம் க்யூபா படையெடுப்பு முடிவில் பெரும்பாலோர் எதிர்த்துப் பேசாமல் போனதன் பாடம் அது. உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972இல் "குழுச் சிந்தனை" (ஒற்றுமைக்காக எதிர்க்கருத்தை அடக்கிக்கொள்ளும் போக்கு) பற்றி எழுதியபோது இந்த இரண்டையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.


பதில் 5 | ஐந்தொகை

மினிட்ஸ் உங்கள் கையில் இருக்கிறது, அதையும் மாற்றுங்கள். "விவாதித்து ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதினால் இரண்டு வருடம் கழித்து அதைப் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. யார் என்ன பேசினார் என்று வரிக்கு வரி எழுதுவதும் தவறு. அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்த அளவு போதும்:

"பயிற்சி மையம்: புது மையம், இப்போதைய மையத்தில் மாலை வகுப்பு, ஓராண்டு தள்ளிவைப்பு ஆகிய மூன்று வழிகளைக் குழு பரிசீலித்தது. சேர்க்கை எதிர்பார்ப்புக்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற கவலை எழுந்தது. மாலை வகுப்பு 18 மாதத்துக்கு ஏற்கப்பட்டது. ஆறாம் மாத முடிவில் தொடர் வருகை 60 பேருக்குக் கீழே இருந்தால் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வரும். ஆதரவு 8, எதிர்ப்பு 2. ஒருவர் புது மையக் கட்டடத்தின் உரிமையாளருக்கு உறவினர் என்று அறிவித்து, விவாதத்தின்போதும் வாக்கெடுப்பின்போதும் அறைக்கு வெளியே இருந்தார்."

கடைசி வரியைக் கவனியுங்கள். நலன் முரண் உள்ளவர் வாக்களிக்காமல் இருந்தால் மட்டும் போதாது. அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது வாடகை அதிகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெளியே போக வேண்டும், போனார் என்பது பதிவாக வேண்டும். அவர் போன பிறகும் கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இருக்கிறதா என்று உங்கள் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


பதில் 6 | மாற்றுக்குரல்

எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் கொண்டுவராதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு மட்டும்: அறிக்கைகளை ஒட்டுமொத்த ஒப்புதலுக்கு மாற்றுவது, பயிற்சி மையத்துக்கு அந்த ஒரு தாளை எழுதி வாங்குவது. தாளைச் செயல் இயக்குநர் எழுதும்போது நீங்கள் கூட உட்காருங்கள்; மாற்று வழிகள் என்ற பகுதியைத்தான் எல்லோரும் ஒப்புக்கு நிரப்புவார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் மூன்று நிமிட அமைதியும் ஒரு பக்க நிதித் தாளும். மூன்றாவதில் தோல்வியை முன்கூட்டி எழுதும் பயிற்சி.

ஒவ்வொரு கூட்ட முடிவிலும் பெயர் போடாமல் ஒரு சீட்டில் இரண்டு கேள்விக்குப் பதில் வாங்குங்கள்: இன்று எந்தப் பொருளுக்கு நேரம் போதவில்லை? சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா? இரண்டாவதற்கு "உண்டு" என்று எழுதியவர்களின் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். 11 பேரில் 7 பேர் என்று தொடங்கி அது கூட்டத்துக்குக் கூட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால், பேசும் வரிசையை யார் உடைக்கிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் முதல் சுற்று முடிவதற்குள் யாரோ ஒருவர் பதில் சொல்லத் தொடங்கியிருப்பார்.